மாதிரி விமானமும் தின்னரும்

சித்திரை விடுமுறையிலே அரநாயக்க மலைச்சாரலில் பிற்பகல்தோறும் மழை. வெளியே விளையாட வழியற்ற எம் மகன், 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பைக் காக்கப் பறந்த ஹரிக்கேன் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியொன்றை ஒட்டிச் சேர்த்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினதான அதன் இறக்கை விரிவு சுமார் 17 சென்ரிமீற்றர். எனாமல் வர்ணம் கெட்டியாயிருக்கவே, வாகனங்களுக்குச் சாயம் தெளிக்கும் தின்னரை நாமே எடுத்துக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் இறக்கை குழைந்து போயிற்று. குற்றம் எம்முடையதே.

மாதிரிகள் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அத்தகைய தின்னரிலுள்ள அசெற்றோன், தொலுவீன் போன்றவை அதனைக் கரைத்துவிடும். எனாமலுக்கு ஏற்றது மினரல் டர்பன்டைன். அது வர்ணத்தை இளக்குமேயன்றி, அளவோடு பயன்படுத்தினால் பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை.

‘மண்ணெண்ணெய் மலிவாயிற்றே!’ என்பாரும் உளர். அது மெல்ல ஆவியாகி எண்ணெய்ப்பசையை விட்டுச் செல்லும். எனாமலோ, தின்னர் நீங்கியபின் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவது. மழைக்காலத்தில் ஏற்கெனவே தாமதமாகும் காய்ச்சல், இதனால் மேலும் நீளும். பெற்றோலோ நெருப்பை வீட்டுக்குள் அழைப்பதாகும். அதனைத் தொடவே கூடாது.

தூரிகைக்குச் சில துளிகள் போதும்; தெளிப்பதாயின் பாலின் பதம் வேண்டும். முதலில், பாகங்களைக் கழற்றியபின் எஞ்சும் சட்டத்துண்டிலே பூசி, ஒரு நாள் வைத்துப் பார்த்தல் நன்று. மழையானாலும் சாளரம் திறந்திருக்கட்டும். அடுப்பும் விளக்கும் தூரவே இருக்கட்டும்.

இப்போது எம் மகன் இரண்டாவது மாதிரியைத் தொடங்கியிருக்கிறான். நாம் போத்தலைத் திறந்தவுடனே, “முதலில் சட்டத்துண்டிலே, அப்பா!” என்று எம் கையைப் பிடித்துக்கொள்கிறான்.