காட்டு ரோட்டுல சைக்கிள்: எங்கே போகலாம், எப்போ போகலாம், எங்கே நிக்கக் கூடாது

இந்த எபிசோடு சைக்கிள் வச்சிருக்கிறவங்களுக்கும், வாங்கி பால்கனியில நிறுத்தி வச்சிருக்கிறவங்களுக்கும். ஈசிஆர்ல ஓட்டி ஓட்டி அலுத்துப்போனவங்க எல்லாரும் அடுத்து கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: "காட்டு வழியா, மலை மேல, ரோடு பைக்குல போகலாமா? பர்மிஷன் வேணுமா?"

சுருக்கமான பதில்: தார் ரோட்டுல, பகல்ல, நிக்காம கடந்து போறதா இருந்தா பல இடங்கள்ல போகலாம். இந்த பதில்ல இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு காரணம் இருக்கு. அதைத்தான் இன்னிக்கு பார்க்கப் போறோம்.

மேப்புல பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை

போன்ல மேப்பைத் திறந்தா காடு முழுக்க ஒரே பச்சையா தெரியும். சட்டத்துல அது பல வகை. நமக்கு முக்கியமானது மூணு.

முதல்ல காப்புக்காடு. ரோட்டோரம் மஞ்சள் கல்லிலோ போர்டிலோ இந்த வார்த்தையைப் பார்த்திருப்பீங்க. 1882-ல வந்த மெட்ராஸ் வனச் சட்டம், இப்போ தமிழ்நாடு வனச் சட்டம்ங்கிற பேர்ல இருக்கு. அதுப்படி அறிவிக்கப்பட்ட அரசுக் காடு இது. உள்ளே அத்துமீறி நுழையறது குற்றம். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை ரோடுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி காடுகளைத் தொட்டுக்கிட்டோ ஊடுருவியோதான் போகுது.

ரெண்டாவது, வனவிலங்கு சரணாலயம். இதுக்கு 1972-ம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தோட 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள்ள யார் யார் அனுமதிச் சீட்டு இல்லாம இருக்கலாம்னு ஒரு சின்னப் பட்டியல் தருது. வேலையில இருக்கிற அரசு ஊழியர், உள்ளே நிலம் வச்சிருக்கிறவர் இப்படிப் போற பட்டியல்ல ஒருத்தர், பொது நெடுஞ்சாலை வழியா சரணாலயத்தைக் கடந்து போறவர். அதுதான் நாம. அதே பிரிவு விலங்குகளைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாதுன்னும் சொல்லுது.

மூணாவது, புலிகள் காப்பகம். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் எல்லாம் இந்த வகை. சட்டம் இங்கே இன்னும் இறுக்கம்.

இதுல இருந்து நமக்குக் கிடைக்கிற உரிமை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. காடு முழுக்க சுத்துற உரிமை கிடைக்கலை. ஒரு தார் ரோடு அளவுக்கு அகலமான உரிமைதான் கிடைச்சிருக்கு. அதுவும் கடந்து போறதுக்கு. மேப்புல ஒரு மண் பாதை அழகா வளைஞ்சு போகுதுன்னு சைக்கிளை உள்ளே இறக்கினா அந்த நிமிஷமே நாம அத்துமீறினவங்க. ஆப்புல யாரோ அந்தப் பாதையை ஓட்டிப் பதிவு பண்ணியிருக்கிறது அனுமதி ஆகாது.

இது வெறும் ஃபைன் கட்டுற விஷயமும் இல்லை. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி, ட்ரெக்கிங் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் நம்ம இலையுதிர் காடுகள் சருகா கிடக்கும். ரோட்டை விட்டு உள்ளே போனவங்க எங்கே இருக்காங்கன்னு வெளியில யாருக்கும் தெரியாது. ரோட்டுல இருந்தா அடுத்த பஸ்ஸாவது நம்மைப் பார்க்கும்.

எந்த ரோட்டுல ஆரம்பிக்கலாம்?

மலை ரோடுன்னாலே நம்ம ஆளுங்க வளைவை எண்ணுவாங்க. ஏலகிரி 14, ஏற்காடு 20, திம்பம் 27, வால்பாறை 40, கொல்லிமலை 70. எண்ணிக்கை பெருசா இருந்தா ரொம்பச் செங்குத்துன்னு ஒரு நினைப்பு. கொண்டை ஊசி வளைவு போடுறதே ரோட்டை நீட்டி, ஏற்றத்தைக் குறைக்கத்தான். அதனால வளைவை எண்ணாதீங்க, சரிவைக் கணக்குப் போடுங்க. ஏறுற உயரத்தை தூரத்தால வகுத்தா போதும். மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏறணும். சராசரி நாலரை சதவீதம். சேலம் அடிவாரத்துல இருந்து ஏற்காடு 20 கிலோமீட்டர் சொச்சம், 1,100 மீட்டர் ஏற்றம். 5 சதவீதத்தை ஒட்டி வரும். கணக்கு பார்க்க ஏற்காடு கஷ்டம். ஆனா கோத்தகிரியில அந்த நாலரை சதவீதத்தை மணிக்கணக்கா மிதிக்கணும். புதுசா ஏறுறவங்களுக்கு அந்த நீளம்தான் காலை வாங்கும்.

என்னைக் கேட்டா வரிசை இப்படி.

முதல்ல ஏலகிரி. ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கத்துலேயே இருக்கிறதால சென்னைக்காரங்களும் பெங்களூருக்காரங்களும் ரயில்லேயே வந்துடலாம். 14 வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பேர் வச்சிருக்காங்க. முல்லைக்குத் தேர் குடுத்த பாரி பேருலயும் ஒரு வளைவு இருக்கு. நமக்குத் தேர் எதுவும் கிடைக்காது, மிதிச்சுத்தான் ஆகணும். ஏற்றம் சின்னது. முடியலைன்னா திரும்பி இறங்கிடலாம்.

அடுத்தது ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர். கூட்டம் குறைவு. ஏற்ற இறக்கம் கலந்து வரும். காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அங்கே இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல இருந்து வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும்னுதான் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. நமக்கு அதோட அர்த்தம் என்னன்னா, பொழுது சாஞ்சா ரோடு கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் ஏற்காடு, கோத்தகிரி, கடைசியா கொல்லிமலை. முதுமலை, திம்பம், வால்பாறை மூணையும் இந்த வரிசையில நான் சேர்க்கலை. காலுக்கு முடியாதுங்கிறதால இல்லை. அந்த மூணு ரோடும் யானையும் சிறுத்தையும் தினமும் கடக்கிற காட்டுக்குள்ள போகுது. சைக்கிள்ல தனியா போற இடம் இல்லை அது. செக்போஸ்ட்ல, "இன்னிக்கு சைக்கிள் வேண்டாம் தம்பி"ன்னு சொன்னா, 27-வது பிரிவை எடுத்து வாதாடாதீங்க. காலையில எங்கே யானை நின்னுச்சுன்னு அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நாலு மணி பழக்கத்தை விடுங்க

சிட்டியில சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள வீடு திரும்பறது. டிராஃபிக் இல்லாத நேரம் நல்ல நேரம். காட்டு ரோட்டுல இது தலைகீழ். வண்டி இல்லாத நேரம்தான் விலங்குகள் ரோட்டைக் கடக்கிற நேரம். விடியலும் அந்தியும்தான் நாம காட்டுக்குள்ள இருக்கக் கூடாத நேரம்.

இதுக்காகத்தான் 2009-ல இருந்து பந்திப்பூர் வழியா போற நெடுஞ்சாலைகள்ல இரவு 9 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் போக்குவரத்துத் தடை. திம்பம் மலைப்பாதையில 2022 பிப்ரவரியில உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுத் தடை நடைமுறைக்கு வந்துச்சு. அப்போ தாளவாடி பக்கத்து மக்கள் போராட்டம் பண்ணினாங்க. காய்கறி சந்தைக்குப் போகணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவங்களுக்கு அது முக்கியமான ரோடு. அந்தத் தடை அவங்களோட அன்றாட வாழ்க்கையையே தொட்ட விஷயம். ஞாயித்துக்கிழமை ஜாலிக்கு வர்ற நாம ரெண்டு மணி நேரம் லேட்டா கிளம்பறது பெரிய விஷயமே இல்லை.

என் கணக்கு: காலை ஏழு மணிக்கு முன்னாடி காட்டுப் பகுதிக்குள்ள நுழையறதில்லை, மாலை நாலு மணிக்கு அப்புறம் உள்ளே இருக்கிறதில்லை. முந்தின நாளே அடிவாரத்துல வந்து தங்கிடுங்க. வெயில் இருக்கும்தான், ரெண்டு பாட்டில் தண்ணி அதிகமா எடுத்துக்குங்க. நீலகிரியில ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு, அதனால உங்க சொந்த பாட்டில் ரெண்டு வேலைக்கும் ஆகும்.

சத்தமில்லாத வண்டியோட ஆபத்து

யானைக்குக் கண் பார்வை சுமார்தான். மூக்கும் காதும் ரொம்பக் கூர்மை. லாரியும் பஸ்ஸும் வர்றது அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். ஒதுங்கணுமா நிக்கணுமான்னு முடிவு பண்ண நேரம் கிடைக்கும். சைக்கிள் இறக்கத்துல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல, சத்தமே இல்லாம, வளைவு திரும்பினதும் அது முன்னாடி போய் நிக்கும். திடுக்கிட்ட விலங்குதான் ஆபத்தான விலங்கு. காட்டெருமைக்கும் இதேதான்.

அதனால தனியா போகாதீங்க. ரெண்டு மூணு பேரா சேர்ந்து, சாதாரணமா பேசிக்கிட்டே ஓட்டுங்க. அந்தச் சத்தம் போதும். ஸ்பீக்கர் வேண்டாம். இயர்போன் கண்டிப்பா வேண்டாம். இந்த எபிசோடையும் சேர்த்துத்தான் சொல்றேன், வீட்டுலேயே கேட்டு முடிச்சுட்டுப் போங்க. உங்க காது அங்கே வேலை செய்யணும். மூங்கில் முறியற சத்தம், ரோட்டுல ஈரம் காயாத சாணம், புதுசா ஒடிஞ்ச கிளை, இதெல்லாம் நின்னு திரும்பச் சொல்ற சிக்னல். மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரோட்டுல குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்ல யானைகள் பழத்துக்காக வரும். அந்த மாசங்கள்ல போறதுக்கு முன்னாடி கீழே டீக்கடையில விசாரிங்க.

யானை கண்ணுல பட்டுச்சுன்னா, குறைஞ்சது நூறு மீட்டர் தள்ளியே நின்னுடுங்க. போனை எடுக்காதீங்க. சத்தம் போடாம சைக்கிளைத் திருப்பிப் பின்னாடி வந்து காத்திருங்க. பஸ் வந்தா டிரைவர்கிட்ட சொல்லுங்க. அவர் கூட்டிட்டுப் போறேன்னா பஸ்ஸை ஒட்டிப் பின்னாடியே போங்க. குட்டி ஒரு பக்கம், தாய் இன்னொரு பக்கம் நின்னா, நடுவுல ரோடு காலியா இருக்குன்னு மட்டும் நினைக்காதீங்க.

இன்னொண்ணு, தீனி. திம்பம் தாண்டி காரப்பள்ளம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் நிறுத்துற வீடியோ பார்த்திருப்பீங்க. பார்க்க சிரிப்பா இருக்கும். கரும்பு ரோட்டுல கிடைக்கும்னு பழகின யானை, குட்டிக்கும் அதையே பழக்குது. அப்புறம் ரோடே கதின்னு நிக்கும். அடிபடறதும் அதுதான், ஆளை அடிச்சுட்டு காட்டை விட்டுப் பிடிபட்டுப் போறதும் அதுதான். நம்ம ஜெர்சி பாக்கெட்டுல இருக்கிற வாழைப்பழத்துக்கும் குரங்குக்கும் இதே கதை. சாப்பிடுறதை ஊருக்குள்ள, கடையில உக்காந்து சாப்பிடுங்க. தோலையும் காட்டுல வீசாதீங்க.

ஏறினது போதாது, இறங்கணும்

ஏறும்போது மூச்சு வாங்கும். விபத்து நடக்கிறது பெரும்பாலும் இறங்கும்போது. பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கிக்கிட்டே வந்தா ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு, வளைவுல பிரேக்கை விடுங்க. கை மரத்துப்போச்சுன்னா கிராமமோ கடையோ இருக்கிற இடமா பார்த்து நிறுத்துங்க. நடுக்காட்டுல, வியூ நல்லா இருக்குன்னு நிறுத்தாதீங்க.

குறுகலான மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவர் ஒதுங்கணும். இது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதியும்கூட. கொண்டை ஊசி வளைவுல அரசு பஸ் திரும்ப முழு ரோடும் வேணும். பஸ் உள்ளே நுழைஞ்சாச்சுன்னா, வளைவுக்கு வெளியிலேயே ஓரமா நின்னு அது கடந்ததும் போங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்குங்க. நான் போற ரோடு முழுக்க தார் போட்ட பொது ரோடா? வெளிச்சம் போறதுக்குள்ள காட்டை விட்டு வெளியே வந்துடுவேனா? செக்போஸ்ட்ல வேண்டாம்னு சொன்னா திரும்பி வர மனசு இருக்கா? மூணுக்கும் ஆமான்னா செயினுக்கு எண்ணெய் போட்டுக் கிளம்புங்க. மூணாவது கேள்விக்கு மட்டும் தயக்கம் இருந்துச்சுன்னா, இந்த வாரமும் ஈசிஆருக்கே போயிட்டு வாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.