ஒரு பானைச் சோறும் ஒரு மூடை மிளகாயும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியர் என்னும் முறையிற் சங்கச் செய்யுளிலோ சமய நூலிலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்விடயங்களை எழுதவல்லார் இம்மலரிற் பலருளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிளகாய்த்தூள். வாசகர் நகையாது சிறிது பொறுத்தருளல் வேண்டும்.

சென்ற ஆண்டு விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர், எமது அயலிலே நெடுங்காலமாக மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் செய்து விற்றுவரும் அம்மையார் ஒருவரிடம் அவற்றைப் பெருந்தொகையாகக் கொள்வனவு செய்ய விரும்பினார். நாமும் உடன் சென்றோம். தூளைக் கண்டார்; முகர்ந்தார்; பெரிதும் மகிழ்ந்தார். பின்னர் ரொறன்ரோவில் இறக்குமதி செய்வோர் கேட்கும் விவரங்களை ஒவ்வொன்றாக வினாவினார். இத்தூள் எந்த மூடை மிளகாயிலிருந்து எந்நாளில் அரைக்கப்பட்டது? அரைக்கும்போது மிளகாயின் ஈரம் எவ்வளவு? நச்சுப் பரிசோதனை செய்த தாள் உண்டா? அம்மையார் சற்று நேரம் அவரையே பார்த்தார். "தம்பி, முப்பது வரியமாச் சனம் வாங்கிச் சாப்பிடுது. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை" என்றார். அவர் கூறியது பொய்யன்று. கொள்வனவு செய்யாது மற்றவர் திரும்பிச் சென்றதும் பிழையன்று. இரண்டும் எவ்வாறு ஒருங்கே பொருந்தும் என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது எமது பழமொழி. பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தமையால் ஒரு பருக்கையைக் கொண்டு எல்லாவற்றையும் அறியலாம். மிளகாய் மூடைக்கு இப்பழமொழி செல்லாது. மூடையிலுள்ள ஆயிரக்கணக்கான பழங்களுள் நன்கு உலராத சிலவற்றிலேதான் பூஞ்சணம் பிடித்திருக்கும். கைப்பிடி மிளகாயை எடுத்துப் பார்ப்பவருக்கு அவை அகப்படுதலும் உண்டு, அகப்படாதொழிதலும் உண்டு. அரைத்தால் அப்பூஞ்சணத்தின் நஞ்சு போய்விடாது. மூடை முழுவதற்கும் பரவிவிடும்.

அந்நஞ்சின் பெயர் அஃப்லாடொக்சின். 1960 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாது மாண்டன. அவற்றுக்குத் தீனியாகக் கொடுக்கப்பட்ட, பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலே வளர்ந்த பூஞ்சணமே காரணமென்று பின்னர் கண்டறியப்பட்டது. நிறமின்றி மணமின்றி இருப்பது இது. சமையலிலே கொதிக்கவைப்பதால் அழிவதுமன்று. உண்டவர் அன்று மாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீழ்வாராயின் எவருக்கும் விளங்கும். இதுவோ சிறுகச் சிறுகச் சேர்ந்து, பல்லாண்டுகளின் பின்னர் ஈரலிலே புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற்பிரிவிலே சேர்த்துள்ளது. ஐரோப்பிய நாடுகள் மிளகாய் முதலிய வாசனைப் பொருள்களில் இந்நஞ்சின் மிகக் கொடிய வகைக்கு விதித்த எல்லை, கிலோ ஒன்றுக்கு 5 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமை இரண்டு இலட்சங் கூறு செய்தால் அவற்றுள் ஒன்று. "ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை" என்னும் சொல் இங்கே சான்றாகாமை இதனாற் பெறப்படும். வந்திருந்தாலும் அம்மையாரோ உண்டவரோ அறிய வழியில்லை.

அவ்வாறாயின், விற்பதற்கு முன் பரிசோதித்துப் பார்த்தால் என்ன என்று ஒருவர் வினாவலாம். இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் விண்வெளிக்கு மனிதரை அனுப்ப முயன்றோர். 1959 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க விண்வெளி நிறுவனமும் நேற்றிக் என்னும் இடத்திலுள்ள இராணுவ ஆய்வுகூடமும் பில்ஸ்பரி என்னும் உணவுக் கம்பனியும் சேர்ந்து விண்வெளி வீரருக்கு உணவு செய்ய முற்பட்டன. விண்கலத்திலே ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால் என் செய்வது? உணவு பழுதற்றது என்று உறுதி கூறுமளவுக்குப் பரிசோதிக்கப் புகுந்தால், செய்தவற்றுட் பெரும்பகுதி பரிசோதனையிலேயே முடிந்துபோகும், உண்பதற்கு மிஞ்சாது. ஆகவே அவர்கள் முடிவிலே பார்ப்பதை விடுத்துச் செய்யும் வழியைப் பார்க்கத் தொடங்கினர். எந்த இடத்திலே தீங்கு நுழையும், அவ்விடத்திலே அதனைத் தடுக்கும் அளவு யாது, அவ்வளவு தவறாமல் நிற்கிறதென்பதை யார் எப்போது பார்த்து எழுதுவது, தவறினால் என்ன செய்வது என்பன அம்முறையின் உயிர்நிலை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹசப்' என்று அதனை அழைப்பர். உலக நாடுகளின் உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு 1993 இல் அதனை ஏற்றுக்கொண்டது.

மிளகாய்த்தூளுக்கு அத்தகைய இடம் எது? ஆலையன்று, உலர்த்தும் களமே. இந்திய உணவு விதியின்படி வற்றல் மிளகாயிலும் தூளிலும் ஈரம் நூற்றுக்கு 11 பங்கினை மிஞ்சலாகாது. மழை தூறும் மார்கழியிலே முற்றத்துப் பாயில் மூன்று நாள் கிடந்து பனியில் நனைந்து மீண்டும் காய்ந்த மிளகாய் பார்வைக்குச் சிவந்து, பிடித்தால் நொறுங்குவது போலவும் இருக்கும். எமது தாய்மார் அதனை உடைத்து ஓசை கேட்டே பதம் சொல்வர். அக்கலையை நாம் இகழவில்லை. பனங்கட்டி காய்ச்சுவோர் பாணியின் பதத்தை அகப்பை நுனியிலே காண்பதை வியந்து பார்த்திருக்கின்றோம். உணவைக் கெடாமற் காக்குந் தொழிலைத் தமிழிலே 'பதப்படுத்தல்' என்கிறோமன்றோ? பதமறிந்து நிறுத்துதல் என்னும் கருத்து அச்சொல்லிலேயே உள்ளது. ஆயின் கையறிந்த பதத்தை மற்றொருவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது; எண்ணை அனுப்பலாம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம்; இடர்ப்பாடு அங்கேதான் உளது.

கூரையிட்ட உலர்த்தி, சீமெந்துத் தளம், ஈரமானி, எலியும் பல்லியும் நுழையாத களஞ்சியம், ஆண்டுக்குச் சிலமுறை ஆய்வுகூடக் கட்டணம், எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒருவரின் நேரம் ஆகிய அனைத்தும் செலவு. இவ்வளவும் செய்தவர் தூளும் செய்யாதவர் தூளும் கடையிலே பக்கத்திற் பக்கமாய்ச் சிவப்பாகவே இருக்கும். வாங்குபவர் வேறுபாட்டைக் காண இயலாமையாற் கூடுதலாக ஒரு சதமும் கொடுக்கமாட்டார். செலவு செய்தவர் நட்டப்படுவார்; நன்மையோ எங்கோ பெயரறியாத ஒருவரின் ஈரலுக்குப் போய்ச் சேரும். செலவிடுபவர் ஒருவராகவும் நன்மை பெறுபவர் வேறொருவராகவும் இருக்குமிடத்திலே பொதுப்பணம் நுழைவது முறையென்பது எமது துணிபு. அன்றியும், வைத்தியசாலையிலே இலவசமாகச் சிகிச்சை நிகழும் எமது நாடு போன்ற ஒன்றில் நோயின் செலவு எப்படியும் அரசையே வந்தடையும்.

இப்பணத்தை எவ்வாறு கொடுப்பது என்பதற்கு அயல் நாடாகிய இந்தியா இரு வழிகளைக் காட்டியது. 2017 இலே தொடங்கிய 'கிசான் சம்பதா' திட்டத்தின் ஒரு பிரிவிலே, ஹசப் முதலிய சான்றிதழ்களைப் பெறும் உணவுத் தொழிலாளருக்குச் செலவிற் பாதியை, 17 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேற்படாமல், அரசு மீளக் கொடுக்கும் என வகுக்கப்பட்டது. மலைநாடு, வடகிழக்கு போன்ற கடினமான பிரதேசங்களுக்கு முக்காற்பங்கு. 'மீள' என்னும் சொல்லை வாசகர் கவனிக்க. முதலிலே கைப்பணத்தைச் செலவிட்டுச் சான்றிதழ் பெற்று, அதன்பின் விண்ணப்பித்துக் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்க வல்லவனுக்கு இது நல்ல உதவி. எமது அம்மையார் போன்றோருக்கு இது மதிலுக்கு அப்பாலுள்ள மாமரம்.

இதனை உணர்ந்தோ, பெருந்தொற்றுக் காலத்தின் நெருக்கடியாலோ, 2020 ஆம் ஆண்டு ஆனி மாதம் 29 ஆந் தேதி குறு உணவுத் தொழில்களை முறைப்படுத்துதற்கென வேறொரு திட்டத்தை அந்நாடு தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்கு 10,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் ஏற்றன. அந்நாட்டிலே பதிவில்லாத உணவுத் தொழில்கள் ஏறக்குறைய 25 இலட்சம் என்றும், அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களில் என்றும், ஐந்தில் நான்கு குடும்பத்தொழில் என்றும் அத்திட்ட ஏடு கூறிற்று. மானியம் செலவில் நூற்றுக்கு 35 பங்கு, 10 இலட்சத்துக்கு மேற்படாது. செய்பவர் பத்திலொரு பங்கையேனும் தாமே இடுதல் வேண்டும், எஞ்சியது வங்கிக்கடன். 10 இலட்சத்திலே உலர்த்தியும் ஆலையும் அமைப்பவர் ஒரு இலட்சம் இட்டால், அரசின் பங்கு மூன்றரை இலட்சமாகும்.

அம்மூன்றரை இலட்சமும் கையிலே தரப்படவில்லை என்பதே இதன் நுட்பம். அது வங்கியிலே அவர் பெயரில் ஒதுக்கி வைக்கப்பட்டு, அப்பகுதிக்கு வட்டி அறவிடப்படாமல், மூன்றாண்டுகள் தொழிலும் நடந்து கடனும் தவணை தவறாது நின்ற பின்னரே கடனிற் கழிக்கப்பட்டது. இயந்திரத்தை வாங்கி மானியத்தையும் பெற்று மறுமாதம் கதவடைப்போரை இவ்விதி தடுத்தது. விண்ணப்பம் எழுதவும், வங்கியோடு பேசவும், உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெறவும் மாவட்டந்தோறும் துணையாளர் நியமிக்கப்பட்டனர். எமக்கு இதுவே பணத்தினும் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆங்கிலத்திலும் அலுவலக மொழியிலும் அமைந்த படிவத்தைக் கண்டு அஞ்சித் திரும்பியவர்களை ஆசிரியராகிய நாம் எத்தனையோ முறை கண்டுள்ளோம். மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு அங்கத்தவர் ஒருவருக்கு 40,000 ரூபா வரை சிறு கருவிகளுக்கும் நடைமுதலுக்குமாகச் சுழற்கடனாய் வழங்கவும் இடமிருந்தது. ஒரு தராசும் ஈரமானியும் பை ஒட்டும் கருவியும் வாங்க அது போதும்.

ஆயினும் ஒரு குறை. அரவை இயந்திரத்துக்குப் பணம் கேட்டல் எளிது. அது கண்ணுக்குத் தெரியும், வங்கியாளர் வந்து தொட்டுப் பார்ப்பார். நாள்தோறும் ஈரம் பார்த்து எழுதும் பழக்கத்துக்கு எவர் கடன் கொடுப்பார்? நாம் மேலே கூறியபடி தீங்கு நுழைவது களத்திலே. பணம் போய்ச் சேர்வது ஆலையிலேயாயின், பூஞ்சணம் பிடித்த மிளகாயை முன்னிலும் விரைவாக அரைப்பதே மிச்சம்.

எழுதிவைத்தல் மட்டும் போதுமோவெனின் அதுவும் போதாது. 2008 இலே ரொறன்ரோவிலுள்ள பெரியதோர் இறைச்சித் தொழிற்சாலையின் பொருள்களை உண்டு 22 பேர் கனடாவில் உயிரிழந்தனர். இறைச்சியைச் சீவும் இயந்திரத்தின் உட்புறத்திலே லிஸ்தீரியா என்னும் நுண்ணங்கி குடிகொண்டிருந்தது. அங்கே ஹசப் முறையும் இருந்தது, பதிவேடுகளும் இருந்தன. அந்நுண்ணங்கி முன்னரே பலமுறை தென்பட்டுப் பதிவாகியும் இருந்தது. அக்குறிப்புகளை ஒருங்கே வைத்து, அவை காட்டும் போக்கினை எவரும் ஆராயவில்லை என்பதை 2009 இல் ஷீலா வெதரில் அம்மையார் தமது விசாரணை அறிக்கையிலே எடுத்துக்காட்டி, 57 விதப்புரைகளை வழங்கினார். அதன் பின்னர் வகுக்கப்பட்டு 2019 தை மாதம் 15 ஆந் தேதி நடைமுறைக்கு வந்த உணவு ஒழுங்குவிதிகளே இறக்குமதியாளரையும் அனுமதிப்பத்திரம் பெறவைத்தன. பொருள் எவரிடமிருந்து வந்தது என்பதற்கு ஏடு வைக்கவும் வைத்தன. எமது பழைய மாணவர் முற்றத்திலே நின்று கேட்ட கேள்விகள் அவர் தாமாகக் கேட்டவை அல்ல. அந்நாட்டிலும் அரசு வெறும் கட்டளையோடு நின்றுவிடவில்லை. 2023 முதல் 2028 வரைக்குமான விவசாய உணவு உடன்படிக்கைக்கு மத்திய அரசும் மாகாணங்களும் சேர்ந்து 350 கோடி டொலரை ஒதுக்கின.

எமது நாட்டிலே விதி இல்லையென்பதில்லை. நியமங்களுக்கென 1964 இலேயே ஒரு நிறுவனம் அமைந்தது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வீடு வருகின்றார். ஆயின் பரிசோதகர் வரும்போது எமது சிறு உற்பத்தியாளர் அடைவது அச்சமேயன்றி ஆறுதலன்று. அவர் குறையைச் சொல்லலாம். குறையைத் தீர்க்கும் காசு அவர் பையிலே இல்லை. விதி முன்னே சென்று உதவி பின்னே தங்குமாயின், வசதியுள்ளவர் நிலைப்பர். மற்றையோர் பதிவின்றி மறைவிலே விற்பர். அம்மையாரின் தூளை அதன்பின் எவரும் பார்க்கவே முடியாது.

பழைய மாணவர் திரும்பிச் சென்று இரு மாதத்தின் பின் ஓர் ஈரமானியை அனுப்பிவைத்தார். அம்மையார் அதனையும் நாற்பது தாள் கொப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்து, கோடு போட்டுத் தலைப்பு எழுதித் தரும்படி கேட்டார். திகதி, மூடை வந்த இடம், காய்ந்த நாள், அரைத்த நாள் என எழுதி, ஐந்தாம் நிரலுக்கு 'ஈரப்பதன் எல்லை' என்று தலைப்பிட்டோம். அவர் அதனை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இதென்ன மாஸ்டர், பதம் எண்டு போடுங்கோ" என்றார். அவ்வாறே திருத்திக் கொடுத்தோம். சென்ற வாரம் அவ்வழியாகச் சென்றபோது கொப்பியை வாங்கிப் பார்த்தோம். கடைசி வரியிலே பதம் என்னும் நிரலின் கீழ் 13.5 என்றும், அதற்குப் பக்கத்தில் 'அரைக்கேல்லை' என்றும் இருந்தது. முற்றத்துப் பாயிலே அம்மிளகாய் மறுபடியும் வெயிலிற் கிடந்தது.