800 ரூபாய் பிரேக் பார்ட்: உண்மையான விலை எவ்வளவு?

சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ வாங்கிட்டீங்க. அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்னுடுச்சு. பார்ட்ஸ் தேடி சென்னை புதுப்பேட்டைக்குப் போறீங்க. டப்பா இல்லாத, எந்த வண்டியோடதுன்னு தெரியாத ஒரு மாஸ்டர் சிலிண்டர் கைக்கு வருது. விலை 800 ரூபாய்னு வச்சுக்குவோம். வாங்கலாமா?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பார்ட் 800, ரப்பர் கிட் 400, மெக்கானிக் கூலி 1,000. மொத்தம் 2,200. அது வண்டிக்குச் சேரலைன்னா இந்த 2,200-ம் போச்சு. சரியான பார்ட்டுக்கும் கூலிக்கும் மறுபடி முதல்லேர்ந்து செலவு. அதனால காசு கொடுக்கும் முன்னாடி இந்த நாலையும் பாருங்க.

1. வார்ப்பு எழுத்து: கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா கம்பெனி பெயரோ எண்ணோ தெரியலாம். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. ஒரே வார்ப்பை வேற வேற அளவுல கடைஞ்சிருப்பாங்க.

2. உள்விட்டம்: வெர்னியர் காலிபர் கொண்டு போங்க. 3/4 அங்குலம்னா 19.05 மி.மீ., 7/8 அங்குலம்னா 22.2 மி.மீ. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனா 3/4 இருக்க வேண்டிய இடத்துல 7/8 போட்டா, அதே அளவு மிதிச்சாலும் பிரேக் லைன்ல அழுத்தம் கால் பங்குக்கு மேல குறையும். வண்டி நிக்க வேண்டிய இடத்துல நிக்காது.

3. மரை: இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. அம்பாசடர் பிரிட்டிஷ் மோரிஸ் வழி வந்தது, அதனால அங்குல மரை. பத்மினி இத்தாலி ஃபியட் வழி, அதனால மெட்ரிக் மரை. 3/8 அங்குல நட்டும் 10 மி.மீ. நட்டும் கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். சின்னது பெரிய துளைக்குள்ள லூசா ஏறி, பிடிச்ச மாதிரியே காட்டும். அழுத்தி மிதிக்கும்போது கழண்டுக்கலாம். பிட்ச் கேஜ் வச்சுப் பார்த்துடுங்க.

4. உள்சுவர்: டார்ச் அடிச்சுப் பாருங்க. துருக்குழி நகத்துல தட்டுப்பட்டா வேண்டாம். புது ரப்பர் போட்டாலும் ஆயில் கசியும்.

டிரம் வாங்கினா உள்விட்டத்தை அளந்து, சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற அதிகபட்ச அளவோட ஒப்பிடுங்க. அதைத் தாண்டித் தேய்ஞ்சிருந்தா அது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

ரப்பர் கிட், ஹோஸ், லைனிங், பிரேக் ஆயில் இந்த நாலையும் பழசா வாங்கவே வாங்காதீங்க. டாட் 3, டாட் 4 ஆயிலோட சிலிக்கான் வகை டாட் 5-ஐக் கலக்கவும் கூடாது. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க.

முடிஞ்சா வண்டியில இருக்கிற பழைய பார்ட்டைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல பக்கத்துல வச்சு அளக்கிறதைவிட நல்ல வழி கிடையாது. ‘அளவு சேரலைன்னா திருப்பித் தரலாம்’னு பில்லுல எழுதி வாங்குங்க.

ரேடியோ, கைப்பிடி, ஹப் கேப்ல ரிஸ்க் எடுத்தா பணம் மட்டும்தான் போகும். பிரேக்ல அப்படி இல்லை. என்ன அளவுன்னு உறுதியா தெரியாத பிரேக் பார்ட்டோட மதிப்பு, உங்க பட்ஜெட்ல பூஜ்யம். இலவசமா கொடுத்தாலும் அதேதான்!