செங்காந்தளும் ஓணானும்

செங்காந்தள் கொடி, ஓணான் ஊர்வன. டி. கல்லுப்பட்டி வட்டாரம் அடங்கிய மதுரைச் சமவெளியில் வேலியையும் முட்புதரையும் பற்றி ஏறி வாழ்பவை இவை. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுமே சிவக்கும். சிவக்கும் விதம்தான் வேறு.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஓணான் கூரிய நகங்களால் மரப்பட்டையைப் பற்றி ஏறுகிறது. உடலைவிட நீளமான அதன் வால் கிளைகளில் சமநிலை காக்க உதவும். பல்லியின் வாலைப்போல எளிதில் அறுந்து விழாது.

செங்காந்தளின் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, தீக்கொழுந்துபோல் நிற்கும். மொட்டில் பச்சையாக இருக்கும் இதழ் மலர்ந்ததும் மஞ்சளாகிறது. பிறகு ஆந்தோசயனின் என்ற நிறமி பெருகப் பெருகச் சில நாட்களில் முழுச் சிவப்பாகிவிடும். சிவந்த இதழ் மறுபடி மஞ்சளாவதில்லை; வாடிவிடும்.

ஆண் ஓணானின் தலையும் தோளும் இனப்பெருக்கக் காலத்தில் சிவக்கும். தொண்டையில் கறுப்புத் திட்டு தோன்றும். உயரமான இடத்தில் அமர்ந்து, முன்னங்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கி, தன் எல்லையை அறிவிக்கும். தோலிலுள்ள நிறச்செல்களுக்குள் நிறமித் துகள்கள் பரவும்போதும் குவியும்போதும் நிறம் மாறுகிறது. இதனால், சண்டையில் தோற்ற ஓணான் விரைவிலேயே பழுப்புக்குத் திரும்பிவிடும்.

வறட்சிக் காலத்தில் செங்காந்தளின் தண்டும் இலையும் காய்ந்துபோகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பெண் ஓணானும் மண்ணைத்தான் நம்பியிருக்கிறது. ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் ஆறேழு வாரங்களில் தாமாக வெளிவரும்.

ஓணான் ரத்தம் உறிஞ்சும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அதற்கு நஞ்சும் கிடையாது. பூச்சிகளே அதன் முக்கிய உணவு. உண்மையான நஞ்சு செங்காந்தளில்தான் இருக்கிறது. கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று அழைக்கப்படும் அதன் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்ற நஞ்சு மிகுதி. அது செல் பிரிவதைத் தடுப்பதால், கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம். அதே கால்ச்சிசின் கீல்வாதத்துக்கு அளவறிந்து தரப்படும் மருந்தாகவும் பயன்படுகிறது. மருந்துக்குத் தேவையான விதைக்காக அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் விவசாயிகள் பந்தலிட்டு இக்கொடியை வளர்க்கிறார்கள்.