தோல் தொட்டியும் உயிரணுவும்



ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் பதனிடும் சாலைகளைக் கடக்கையில் மூக்கைப் பொத்தாதவர் அரியர். நானும் பொத்தியவனே. ஆயினும் அத்தொட்டிகளில் நடைபெறுவது நல்லதோர் இரசாயனப் பாடம். பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. ஆவாரம்பட்டைச் சாறோ குரோமிய உப்போ அப்புரத நார்களைக் குறுக்கே பிணைக்கிறது. ஆதலால் தோல் அழுகுவதில்லை. இப்புரதத்தின் முப்புரி அமைப்பை 1954-55இல் கண்டு கூறியோர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

பதனிடாத தோலை நீரிலிட்டுக் காய்ச்சினால் தச்சர் அறிந்த வச்சிரம் கிடைக்கும். அதனைத் தூய்மையாக்கி நீரில் கரைத்து ஆறவிட்டால், நுங்கைப்போல் தளதளத்து நிற்கும். நூற்றில் தொண்ணூறு பங்குக்குமேல் நீராயிருந்தும் அது ஒழுகுவதில்லை. புரத இழைகளின் வலை நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இதுவே ஹைட்ரோஜெல், நீர்க்களி எனலாம். நம் உடலில் உயிரணுக்கள் வாழும் இடமும் ஏறக்குறைய இத்தகையதே. ஆகவேதான் சிதைந்த திசுக்களைப் புதிதாக வளர்க்க முயலும் விஞ்ஞானிகள் உயிரணுக்களை நீர்க்களியில் குடியேற்றுகின்றனர்.

குடியிருப்பவர் குணத்தை வீடு மாற்றுமா? 2006இல் அமெரிக்காவில் எங்லர், டிஷர் முதலியோர் கொலாஜன் பூசிய களிகளை வெவ்வேறு இறுக்கத்தில் செய்து, எலும்பு மச்சைக் குருத்தணுக்களை அவற்றின்மேல் விட்டனர். மூளைபோல் மென்மையான களியில் அவை நரம்பணுவின் சாயல் பெற்றன. தசை ஒத்த இறுக்கத்தில் தசையின் சாயல். அதனினும் கடினமானதில் எலும்பின் சாயல்! இறுக்கத்தைக் கூட்டுவது குறுக்குப் பிணைப்பே, நம் தோல் தொட்டியின் கலையே. ஆனால் குரோமியம் இங்கு உதவாது. உயிரணுவுக்கு அது நஞ்சு. ஆகையால் ஒளியாலும் நொதிகளாலும் மெல்லப் பிணைக்கின்றனர்.

களி தடித்தால் வேறொரு தொல்லை. இரத்த நுண்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு விலகினாலே உயிரணு பிராணவாயுவின்றி வாடத் தொடங்கும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீரமைத்தார். அவர்கள் விரலும் பாதமும் சிதைவது, உணர்ச்சி மரத்து, காயம் பட்டதை அறியாமையாலேயே என்றும் காட்டினார். இன்று அக்கல்லூரியைச் சார்ந்து குருத்தணு ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. களியில் வளர்த்த தோல் புண்ணை மூட உதவலாம்; மரத்த பாதத்துக்கு உணர்ச்சி திரும்ப நரம்பும் வளர வேண்டுமே! அறுந்த நரம்பின் இரு முனைகளையும் ஒரு சிறு குழாயால் இணைத்து, உள்ளே மென்களி நிரப்பி, நரம்பு அதனூடே வளர்கிறதா என்று விலங்குகளில் சோதித்து வருகின்றனர்.