புறக்கோட்டையில் எரிந்த பேரேடுகள்

ஜூலை மாதக் கடைசி வாரம் வந்தால் நமக்குக் கொழும்பு ஞாபகம் வந்துவிடும். "அது இலங்கை விவகாரம் அண்ணாச்சி, மளிகைக்காரன் பத்திரிகையில் எதற்கு?" என்று சங்கத்தின் இளைய உறுப்பினர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்தவற்றில் பெரும்பகுதி கடைகளும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும்தான். அதில் கிளம்பிய பொறி எட்டு வருஷம் கழித்து நமது ஸ்ரீபெரும்புதூருக்கே வந்து விழுந்தது. இப்போது சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை நம் கடைப் படியேறும் வாடிக்கையாளரில் பலர் பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் மாநிலத்தவர். ஆகவே இது நம் விவகாரமும்கூட.

நடந்ததை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுவோம். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 ராணுவச் சிப்பாய்கள் இறந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு பொரளையில் உள்ள கனத்தை மயானத்தில் அவர்களுக்கு இறுதிச் சடங்கு என்று அறிவித்தார்கள். சடலங்கள் வரத் தாமதமாயிற்று. காத்திருந்த கூட்டம் பெருகி, கோபமாகி, அன்றிரவே பொரளையில் தமிழர் கடைகள் எரிந்தன. திங்கட்கிழமை காலை தீ நகரம் முழுவதும் பரவியது. ஊரடங்கு உத்தரவு வருவதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. போட்ட பிறகும் அதைக் காக்க வேண்டியவர்கள் பல இடங்களில் கைகட்டி நின்றார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் 25, 27 தேதிகளில் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். வெளியே செத்தவர்கள் எத்தனை பேர்? அரசு சில நூறு என்றது. மற்றவர்கள் கணக்கு 3,000 வரை போகிறது. ஒரு நகரம் தன் பிணங்களைக்கூட இன்றுவரை சரியாக எண்ணி முடிக்கவில்லை.

புறக்கோட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது பழைய கொத்தவால்சாவடியையும் ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் இடம் அது. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், மிளகாய் வற்றல், பருப்பு. செட்டியார் தெருவில் தங்க நகை. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் அங்கே வந்துதான் தெற்கே கிராமங்களுக்குப் பிரிந்து போகும். மொத்தக்காரர்களில் யாழ்ப்பாணத்தார் உண்டு, மலையகத்தார் உண்டு, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. அவர்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் சிங்கள முதலாளிமார், முஸ்லிம் வியாபாரிகள். யாரும் யாரையும் விட்டுப் பிழைக்க முடியாத சந்தை.

1984 வாக்கில் கொத்தவால்சாவடியில் நாம் சரக்கு எடுக்கப் போகும்போது, புறக்கோட்டையிலிருந்து வெறுங்கையாக வந்த ஒரு பெரியவர் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நமக்கு அப்போது 20 வயதுக்குச் சற்று மேல். மதியம் சாப்பாட்டு வேளையில் அவர் பேசுவார். மூட்டை தூக்குபவரை அங்கே 'நாட்டாமை' என்பார்களாம். அவர் கடையின் சிங்கள நாட்டாமைதான் அவரைப் பின்கிடங்கில் சாக்குகளுக்கு நடுவே இரண்டு நாள் மறைத்து வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கம் கடை எரிந்தது. சரக்குப் போனதற்கு அவர் அழவில்லை. பேரேடு எரிந்ததைச் சொல்லும்போதுதான் குரல் மாறும்.

"எரிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. பாக்கி தர வேண்டியவன் ஒவ்வொருத்தனையும் தெரியும். கேக்கத்தான் சீட்டு இல்ல" என்றார். ஞாபகத்தை வைத்துப் பணம் அனுப்பிய சிங்கள வியாபாரிகளும் இருந்தார்களாம். வாயே திறக்காதவர்களும் இருந்தார்களாம். இரண்டு பேரையும் பெயர் சொல்லிச் சொன்னார், ஒரே தொனியில்.

அந்தக் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது அப்போதே பலர் பதிவு செய்த விஷயம். எந்த வீடு தமிழன் வீடு, எந்தக் கடை தமிழன் கடை என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். கட்டடம் சிங்களவருக்குச் சொந்தம், வாடகைக்கு இருப்பவன் தமிழன் என்றால், சரக்கைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டுக் கட்டடத்தை விட்டுவிட்ட இடங்களும் உண்டு. கண்மூடித்தனமான கோபம் இப்படிக் கணக்குப் பார்த்து எரிக்குமா? வாக்காளர் பட்டியல் ஓட்டுப் போடுவதற்காக எழுதியது. எழுதியவர் யாரும் தீ வைப்பதற்கென்று எழுதியிருக்க மாட்டார்.

இன்னொன்று வதந்தி. முதல் நாலு நாளில் தீ சற்று அடங்கி, 29-ம் தேதி வெள்ளிக்கிழமை ஆபீசும் கடையும் திறக்க ஆரம்பித்த நேரம். 'கொட்டியா' வந்துவிட்டான், அதாவது புலி கொழும்புக்குள் புகுந்துவிட்டான் என்று புறக்கோட்டையில் ஒரு புரளி கிளம்பியது. ஜனம் திசை தெரியாமல் ஓடியது. அப்புறம் அதே ஜனம் திரும்பி நின்று, கண்ணில் பட்ட தமிழர்களைப் புலி என்று அடித்துக் கொன்றது. இந்தியாவின் வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவ் கொழும்பில் இருந்த அதே நாள் அது. முந்தின நாள் இரவு ஜனாதிபதி ஜெயவர்தனா தொலைக்காட்சியில் பேசியிருந்தார். செத்தவர்களுக்காகவோ வீடிழந்தவர்களுக்காகவோ அனுதாபமாக ஒரு வார்த்தை அதில் இல்லை. நாட்டின் தலைவர் வாய் மூடினால் வதந்தி வாய் திறக்கும்.

நஷ்டம் தமிழர்களோடு நின்றதா என்றால் இல்லை. இரத்மலானைப் பக்கம் தமிழர் நடத்திய ஆலைகள் எரிந்தபோது, அவற்றில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான சிங்களத் தொழிலாளருக்கும் மறுநாள் வேலை இல்லை. சுமார் 8,000 வீடுகள், 5,000 கடைகள் அழிந்ததாகவும், கொழும்பிலும் சுற்றிலும் ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்ததாகவும் ஒரு மதிப்பீடு உண்டு. மேலும், எரிந்த சொத்துக்களை அவசரகால விதியின் கீழ் அரசே பொறுப்பெடுத்துக்கொண்டு, அதற்கென ஓர் அதிகாரசபையை அமைத்தது. கடையைப் பறிகொடுத்தவன் தன் சாம்பலைத் திரும்பப் பெறவே மனுப் போட வேண்டியிருந்தது. நம்மவர்களுக்குத் தெரியும், மனு என்றால் எத்தனை நடை என்று.

பிறகு அந்த நகரம் இந்தக் கணக்கை எப்படிப் பார்த்தது? முதலில் பழியை வேறு பக்கம் தள்ளியது. ஜூலை முடிவதற்குள் இடதுசாரிக் கட்சிகள் மூன்றைத் தடை செய்து, சதி அவர்களுடையது என்றது அரசு. பட்டியலைக் கொடுத்தவர்கள் யார், ஆட்களை ஏற்றி வந்தவர்கள் யார் என்ற கேள்வி கோர்ட் வாசலை மிதிக்கவேயில்லை. 2001-ல், அதாவது 18 வருஷம் கழித்து, முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் ஓர் ஆணையம் 1981 முதல் 1984 வரையிலான இனக் கலவரங்களை விசாரித்தது. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். மன்னிப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஒரு நாட்டின் தலைவர் வாயால் 'தவறு நடந்தது' என்று வருவது சின்ன விஷயமல்ல. ஆனால் 21 வருஷத் தாமதத்துக்கு வட்டி போட்டால் அசல் எவ்வளவு என்று வியாபாரிக்குத் தெரியும்.

இப்போதும் ஆண்டுதோறும் ஜூலையில் பொரளை கனத்தை வாசலில் தமிழரும் சிங்களவருமாகச் சிலர் விளக்கேற்றுகிறார்கள். 2023-ல், 40-ஆம் ஆண்டில், விளக்கேற்ற வந்தவர்களை எதிர்த்துக் கூச்சலிட ஒரு கூட்டமும் வந்தது, போலீசும் குவிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தின் நடுவே, காலிமுகத் திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவை அனுசரித்தபோது சிங்கள இளைஞர்களும் கூட நின்றார்கள். ஆக நகரத்துக்கு இரண்டு மனசு. கேட்காத கேள்விக்குப் பலனும் வந்தது. 2014-ல் அளுத்கமையில், 2018-ல் திகணையில், 2019-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் வடமேற்குப் பகுதியில் என்று முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் எரிந்தன. முதல் தீயை வைத்தவன் தண்டனை பெற்றிருந்தால் அடுத்தவன் தீப்பெட்டி எடுக்க யோசித்திருப்பான் என்பது நம் அபிப்பிராயம்.

இனி நமது ஊருக்கு வருவோம். 83-க்குப் பிறகு இயக்கங்களில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அகதிகள் ராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். 1987-ல் ஒப்பந்தம், அமைதிப்படை, அதன் கசப்பு. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி நம் ஊர் மைதானத்தில் கொல்லப்பட்டார். பத்தேகால் மணி சத்தத்தை இன்றும் நம் காது மறக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க, எந்தக் கட்சிக்காரன் கடை என்று பார்த்துக் கல்லெறிந்தார்கள், தீ வைத்தார்கள். பேச்சு வழக்கை வைத்து இலங்கைக்காரர் என்று கண்டுபிடித்து வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள். எட்டு வருஷம் முன்பு அவர்களுக்காகக் கடையடைத்து அழுத அதே நாம்தான். நெடுஞ்சாலையோரம் நினைவகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துப் போகிறார்கள். நாம் வீடு மறுத்தது எந்தக் கல்லிலும் எழுதியில்லை.

2023 மார்ச் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை வெட்டுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. எங்கோ எப்போதோ நடந்த சம்பவங்களை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். நம் போலீஸ் டி.ஜி.பி. உடனே மறுப்புச் சொன்னார். முதலமைச்சர் பீகார் முதலமைச்சரிடம் பேசினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துப் போனது. பொய்யைப் பரப்பியவர்கள் மேல் வழக்கும் கைதும் நடந்தன. 83-ல் கொழும்பில் வாய் மூடிய இடத்தில் இங்கே வாய் திறந்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அந்த வாரம் நம் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆட்டா, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய், மீல்மேக்கர் வாங்க வரும் கூட்டம் பாதியாகிவிட்டது. ஹோலிக்குப் போகிறோம் என்று சிலர், பயத்தில் சிலர். போனவர்கள் பெயரில் பற்று நின்றது. அதற்கு முன்பு, திருப்பூரில் வடமாநிலத்தவர் தமிழரை விரட்டுவதாக ஒரு சண்டைக் காட்சி செல்போனில் வந்தபோது, அதை உண்மையா என்று விசாரிக்காமல் நாமே நாலு பேருக்கு அனுப்பியிருந்தோம். அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். புறக்கோட்டைப் பெரியவரின் கதையைக் கேட்டவன் செய்யக்கூடாத காரியம்.

அப்புறம் ஒருநாள் மாலை. அறிமுகமில்லாத இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சோடா வாங்கிக் குடித்தார்கள். "எந்தெந்தக் கட்டடத்துல இந்திக்காரனுங்க தங்கியிருக்கானுங்க ஐயா?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். வாடகை வசூலோ, தவணை வசூலோ, வெறும் வாய்ச் சவடாலோ தெரியாது. நமக்கு விடை தெரியும். கல்லாவின் கீழே பற்று நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், எந்தக் கான்ட்ராக்டர், எந்தக் கட்டடம், எந்த அறை, செல் நம்பர், எல்லாம் நம் கைப்பட எழுதியது. விரல் நோட்டின் மேல்தான் இருந்தது. "தெரியாதுப்பா" என்றோம். அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் நோட்டு எப்பேர்ப்பட்ட சரக்கு என்று அன்றுதான் உறைத்தது.

தொழிலாளர் துறை கேட்டால் கொடுக்க வேண்டியதை முறையாகக் கொடுங்கள், அது வேறு. வெளியாளுக்கு நோட்டைக் காட்டாதீர்கள். மேசை மேல் விரித்து வைக்காதீர்கள். கட்டடச் சொந்தக்காரர்களிடமும் இதைச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், நெருப்பு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் கலவரச் சேதமும் அடக்கம். ஆனால் அது கட்டடத்துக்கும் சரக்குக்கும்தான். எரிந்த நோட்டில் இருந்த பாக்கியை எந்தக் கம்பெனியும் அதில் தராது. நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

ஹோலி முடிந்து மூன்றாம் வாரம் ரயிலில் ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் 2,340 ரூபாய் பாக்கியில் 2,000 கட்டினான். மீதியை அடுத்த சனிக்கிழமை என்றான். அவன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு நோட்டைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினோம். சாவி இப்போது நம் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.