இருளும் ஒளியும் ஒரே படத்தில்

பத்துமலைக் குகைக்குள் நின்று மேல்திறப்பைப் படமெடுங்கள். வானம் தெளிவாக வந்தால் பாறை கறுத்துவிடும். பாறை தெரிந்தால் வானம் வெளுத்துவிடும். இவ்வளவு பெரிய ஒளி வேறுபாட்டை ஒரே படத்தில் பதிவு செய்யக் கேமராவால் முடிவதில்லை.

இதற்குத் தீர்வு 'எச்.டி.ஆர்.' முறை. கேமராவை முக்காலியில் வைத்து, ஒளிபடும் நேரத்தை மட்டும் மாற்றி 1/250, 1/60, 1/15 வினாடி என 3 படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடச் சுமார் 4 மடங்கு ஒளி பதியும். மென்பொருள் அவற்றின் தெளிவான பகுதிகளை ஒன்றிணைக்கும்.

பின்னர் நண்பரிடம் காட்டிக் குறை கேளுங்கள். பாறை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா? மென்பொருளில் விளைவின் அளவைக் குறையுங்கள். நடந்து சென்றவர் இரட்டையாகத் தெரிகிறாரா? ஆள் நடமாட்டம் குறைந்ததும் மீண்டும் எடுங்கள். நிழலே இல்லையா? கொஞ்சம் இருளை விட்டுவையுங்கள். குகை குகையாகத் தெரிய அது வேண்டும்.